பாட்டு என்னுடையது, பங்கு நால்வருக்குமா?

கேள்வி: எனக்கு 26 வயது, சொந்த இடம் காரைதீவு. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு ரொக் இசைக்குழு வைத்திருக்கிறோம். நான் பாடுவேன், ரிதம் கித்தாரும் வாசிப்பேன். லீட் கித்தார் என் மாமா மகன். பேஸ் வாசிக்கும் நண்பன் கல்முனை, ட்ரம்ஸ் நண்பன் மருதமுனை. கல்யாண வீடு, நத்தார் விழா என்று மற்றவர்களின் பாட்டையே வாசித்துக்கொண்டிருந்த நாங்கள் போன வருடம் முதல்முறையாக ஒரு சொந்தப் பாட்டைப் பதிவு செய்தோம். வரிகளும் மெட்டும் நான் போட்டவை. போனில் பாடி வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். ரிகர்சலில் மச்சான் தொடக்கத்துக்கு ஒரு கித்தார் துண்டு போட்டான். இப்போது எல்லோரும் முணுமுணுப்பது அதைத்தான். பல்லவிக்கு என் மெட்டு சரிவரவில்லை. ட்ரம்ஸ் நண்பன் தன் மூத்தம்மா பாடும் ஒரு பழைய நாட்டார் கவிப்பாட்டின் மெட்டைப் பாடிக் காட்டினான், அதை எடுத்துக்கொண்டோம். வேகத்தைக் குறைக்கச் சொன்னவன் பேஸ் நண்பன். ஒலிப்பதிவுச் செலவைக் கனடாவில் இருக்கும் அவனுடைய அக்கா தந்தார். மட்டக்களப்பு ஸ்டூடியோவில் பதிவு செய்தவர் தானாகவே வயலின் போல ஒரு கீபோர்ட் பகுதியையும் சேர்த்தார். யூடியூபில் ‘பாடலும் இசையும்’ என்று என் பெயரை மட்டும் போட்டேன். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கொழும்பு விளம்பர நிறுவனம் ஒன்று பாட்டைக் கேட்கிறது. உரிமையாளர்கள் யார், யாருக்கு எத்தனை வீதம் என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். மூவரும் “நாலாகப் பிரி” என்கிறார்கள். ஒத்துக்கொண்டால் என் பாட்டு என்னுடையது இல்லை என்று ஆகிவிடுமா? மறுத்தால் குழு உடைந்துவிடும் போலிருக்கிறது. மாமாவும் இப்போது முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. பாட்டை ஆக்கியது யார் என்பது ஒன்று. அதில் வரும் காசை எப்படிப் பிரிப்பது என்பது மற்றது. முதல் கேள்விக்கு நடந்த உண்மை என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் நால்வரும் சேர்ந்து விரும்பினாலும் அதை மாற்ற முடியாது. இரண்டாவது கேள்விக்கு நீங்கள் உட்கார்ந்து கதைத்து எடுக்கும் முடிவுதான் பதில். ஒரு சட்டத்தரணியாக என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெயர் போடும் இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், காசில் கை தாராளமாக இருங்கள். நீங்கள் பெயரிலும் சுருக்கிவிட்டீர்கள், காசிலும் சுருக்கப் பார்க்கிறீர்கள். மூவரின் கோபமும் காசில் தொடங்கியது போலத் தெரியும். என் அனுபவத்தில் அது யூடியூபில் அந்த ஒற்றைப் பெயரைப் பார்த்த நாளிலேயே தொடங்கியிருக்கும். அன்றைக்கு வாய் திறக்காததைச் சம்மதம் என்று எடுக்காதீர்கள்.

மட்டக்களப்புப் பக்கத்துக் கூத்தில் இது பழைய வழக்கம். வடமோடி ஆனாலும் தென்மோடி ஆனாலும் கூத்தை எழுதிய புலவர் வேறு, பழக்கி அரங்கேற்றும் அண்ணாவியார் வேறு, மத்தளம் பிடிப்பவர் வேறு, ஏடு பார்ப்பவர் வேறு. ஒருவரின் வேலையை இன்னொருவர் பெயரில் யாரும் சொல்வதில்லை. ரொக் குழுக்களில்தான் எல்லாம் ஒரே அறையில், ஒரே இரைச்சலில் நடப்பதால் யார் எதைச் செய்தார் என்பது கலங்கிவிடுகிறது.

அடுத்து, உங்களிடம் இருப்பது ஒரு சொத்து அல்ல, இரண்டு. வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டு ஒன்று. நீங்கள் ஸ்டூடியோவில் வாசித்துப் பதிவான ஒலிப்பதிவு இன்னொன்று. நாளைக்கு வேறு ஒரு குழு உங்கள் பாட்டைத் தாங்களே வாசித்துப் பதிவு செய்தால் அனுமதியும் காசும் பாட்டின் உரிமையாளருக்கு உரியவை. உங்கள் ஒலிப்பதிவு அங்கே பயன்படவே இல்லை. விளம்பரக்காரர் உங்கள் பதிவையே எடுத்துப் போடும்போது இரண்டுக்கும் அனுமதி வாங்க வேண்டும், இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டும். “நாலாகப் பிரி” என்று அவர்கள் சொல்வதும் “பாட்டு என்னுடையது” என்று நீங்கள் சொல்வதும் பாதிக்குப் பாதி வெவ்வேறு சொத்துகளைப் பற்றிய கதை.

இதை நீதிமன்றம் வரை கொண்டுபோய்ப் படித்துக்கொண்ட குழு ஒன்று உண்டு. இங்கிலாந்தில் மன்செஸ்டர் நகரத்தின் ‘த ஸ்மித்ஸ்’. பாட்டுகளை ஆக்கியவர்கள் மொரிசியும் ஜொனி மாரும். அதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் ஒலிப்பதிவிலும் மேடையிலும் வந்த காசில் அவர்கள் இருவரும் 40 வீதம் வீதம் எடுத்துக்கொள்ள, பேஸ் வாசித்தவருக்கும் ட்ரம்ஸ் வாசித்தவருக்கும் 10 வீதம்தான் போனது. ட்ரம்மர் மைக் ஜோய்ஸ் வழக்குப் போட்டார். 1996இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நான்கு பேர் சேர்ந்து ஒரு தொழிலை நடத்தினால், வேறு விதமாகப் பொருந்திக்கொண்டதாகக் காட்ட முடியாவிட்டால், ஆதாயம் சமம் என்பது அந்த நாட்டின் 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டம். ஜோய்ஸுக்கு 25 வீதம் கிடைத்தது. பாட்டு ஆக்கிய உரிமையில் ஒரு சதம்கூட அவர் கேட்கவும் இல்லை, பெறவும் இல்லை.

அது இங்கிலாந்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். பங்குடைமை விஷயத்தில் இங்கிலாந்துச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்று நமது நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கட்டளைச் சட்டம் போட்டுவிட்டார்கள். கூடவே ஒரு பொறியும் உண்டு. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, மூலதனம் ஆயிரம் ரூபாயைத் தாண்டும் பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும். இன்றைய விலைக்கு ஒரு சோடி ட்ரம்ஸ் குச்சியே அந்தக் கணக்கைத் தாண்டும். அதாவது வாய்ப்பேச்சில் நடக்கும் குழு, சண்டை வரும் நாளில் இரண்டு பக்கத்துக்கும் நிச்சயமில்லாத நிலம்.

சரி, பாட்டுக்கு வருவோம். நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு ஆக்கம் உருவான அந்தக் கணமே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டியதில்லை. பலர் சேர்ந்து ஆக்கியிருந்தால் அது கூட்டு ஆக்கம், ஆக்கியவர்கள் எல்லோரும் முதல் உரிமையாளர்கள். தனித்தனியாகப் பயன்படுத்தக்கூடிய பகுதிகளாக இருந்து, எந்தப் பகுதியை யார் ஆக்கினார் என்று அடையாளம் காண முடிந்தால், அவரவர் பகுதி அவரவருக்கு. உங்கள் வரிகளைத் தனியாக ஒரு கவிதையாக அச்சிடலாம். ஆகவே வரிகள் முழுக்க உங்களுடையவை, அதை யாரும் அசைக்க முடியாது. “என் பாட்டு என்னுடையது இல்லை என்று ஆகிவிடுமா” என்ற பயத்துக்கு இதுவே பாதிப் பதில்.

இன்னும் ஒன்று. ஆக்கத்தின் மேல் யாருடைய பெயர் வழமையான முறையில் போடப்பட்டிருக்கிறதோ, எதிர்ச் சாட்சி வரும்வரை அவரையே ஆக்கியோன் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே யூடியூப் விளக்கத்தில் போடுகிற ஒரு வரி வெறும் அலங்காரம் அல்ல, அது ஒரு சாட்சி. இந்தப் பக்கம் பிழையாக இருந்தாலும் அந்தப் பக்கம் பிழையாக இருந்தாலும் ஒரு நாள் யாரையாவது கடிக்கும். நட்புக்காக நான்கு பெயரையும் ‘பாடலும் இசையும்’ என்று போட்டுவிட்டால், பாட்டைக் கூட்டு ஆக்கம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகும். பிறகு ஒவ்வொரு அனுமதிக்கும் நான்கு ஒப்பம் தேடி அலைய வேண்டி வரும். கூட்டு ஆக்கத்துக்குப் பாதுகாப்புக் காலமும் கடைசியாக உயிரோடு இருப்பவர் இறந்து 70 வருடம். உங்கள் ட்ரம்ஸ் நண்பன் தொண்ணூறு வயது வாழ்ந்தால் உங்கள் கொள்ளுப்பேரர்கள் அவனுக்கு நன்றி சொல்லலாம்!

மச்சானின் கித்தார் துண்டுதான் எல்லாவற்றிலும் சிக்கலானது, அதனால் அதில் கொஞ்சம் நிற்கிறேன். வாசிப்பதற்கும் ஆக்குவதற்கும் நடுவே கோடு எங்கே என்பதை இரண்டு இங்கிலாந்து வழக்குகள் நன்றாகக் காட்டுகின்றன. நமது நீதிமன்றங்களை அவை கட்டுப்படுத்தாது, ஆனால் வழிகாட்டும்.

முதலாவது ‘ஸ்பாண்டோ பலே’ குழு. எண்பதுகளில் பெயர் போனவர்கள். பாட்டுகளை கரி கெம்ப் எழுதுவார், கித்தாரிலோ பியானோவிலோ பாடிக் காட்டுவார், மற்றவர்கள் அதற்குத் தங்கள் பகுதியை வாசிப்பார்கள். சில காலம் கெம்ப் தன் பாட்டு வருமானத்தில் ஒரு பங்கைக் குழுவுக்கும் கொடுத்துவந்தார், பிறகு நிறுத்திவிட்டார். மூன்று பேர் வழக்குப் போட்டார்கள். 1999இல் தோற்றார்கள். வாய்மொழி ஒப்பந்தம் இருந்தது என்ற கதையை நீதிபதி ஏற்கவில்லை. பாட்டு ஏற்கனவே முழுதாக உருவாகி வந்தது, நீங்கள் செய்தது நல்ல வாசிப்பு, அது ஆக்கம் அல்ல என்றார். சக்ஸபோன் வாசித்தவரின் தனி வாசிப்புக்கும் அதே முடிவுதான்.

இரண்டாவது ‘புரொக்கல் ஹாரம்’. 1967இல் அவர்கள் வெளியிட்ட ‘எ வைட்டர் ஷேட் ஒவ் பேல்’ பாட்டை ஒருமுறை கேட்டவர் யாரும் அதன் ஓர்கன் இசையை மறக்கமாட்டார்கள். அதை அமைத்து வாசித்தவர் மத்தியூ பிஷர். பாட்டின் பெயர்ப்பட்டியலில் அவர் இல்லை. கிட்டத்தட்ட 38 வருடம் கழித்து, 2005இல் வழக்குப் போட்டார். அடுத்த வருடம் மேல் நீதிமன்றம் அவரையும் ஆக்கியோர் என்று ஏற்று, இசையில் 40 வீதம் கொடுத்தது. மேன்முறையீட்டில் பெயர் மட்டும் மிஞ்சிக் காசு போனது. 2009இல், அப்போது அந்த நாட்டின் கடைசி மேன்முறையீட்டு இடமாக இருந்த பிரபுக்கள் சபை காசையும் திருப்பிக் கொடுத்தது. அதுவும் கோரிக்கை வைத்த நாளுக்குப் பிறகு வந்ததுக்குத்தான். முந்தைய 38 வருடக் காசு போனது போனதுதான்.

இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் திறமை அல்ல. பிஷர் புதிதாக ஒரு இசையைப் படைத்தார். அந்த இசையை எடுத்துவிட்டால் கேட்பவனுக்கு அது அந்தப் பாட்டாகவே தெரியாது. உங்கள் மச்சானின் துண்டை இதில் வைத்துப் பாருங்கள். நீங்கள் போனில் அனுப்பிய பதிவில் அது இல்லை. அவனாகவே கொண்டுவந்தது. எல்லோரும் முணுமுணுப்பது அதைத்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் நான் என்ன சொல்ல? இசையில் அவன் ஒரு ஆக்கியோன். மாமாவின் முகத்துக்காக இதைச் சொல்லவில்லை, அவன் உங்களுக்கு யாரோ ஒருவனாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

பேஸ் நண்பன் வேகத்தைக் குறைக்கச் சொன்னது நல்ல யோசனை. ஒருவேளை பாட்டைக் காப்பாற்றியதே அதுவாக இருக்கலாம். ஆனாலும் அது ஆக்கம் ஆகாது. இசைக்கோர்ப்பு என்ற இடத்தில் அவன் பெயர் வரலாம், வரவேண்டும்.

ட்ரம்ஸ் நண்பனின் விஷயம் வேறு மாதிரி. பல்லவி மெட்டை அவன் ஆக்கவில்லை, அவனுடைய மூத்தம்மாவும் ஆக்கவில்லை. கல்முனை, மருதமுனை, அக்கரைப்பற்றுப் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாக வாயில் வாழ்ந்த கவி அது. அதை ‘இசை: நான்’ என்று போட்டுக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை, அவனுக்கும் இல்லை. நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கு நமது சட்டத்தில் தனியான பாதுகாப்பே இருக்கிறது. ஆகவே வியாபார விளம்பரம் என்று வரும்போது, அந்தப் பகுதிக்கு வேறு அனுமதி தேவையா என்று கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பழைய மெட்டை எடுத்து நீங்கள் புதிதாகச் செய்த அமைப்பு உங்களுடையதுதான், தழுவலுக்கும் இசைக்கோர்ப்புக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லுங்கள். “பல்லவி, அம்பாறைக் கரையோரக் கவி மெட்டைத் தழுவியது, மெட்டைக் கொண்டுவந்தவர் இன்னார்” என்று ஒரு வரி போதும். காரைதீவுக்காரருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பழந்தமிழிசையைத் தேடித்தேடி ‘யாழ் நூல்’ எழுதிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர் அது.

கனடா அக்காவின் காசு பரிசா, கடனா, முதலீடா? கடிதத்தில் இல்லை, உங்களுக்கே தெரியுமோ என்று சந்தேகம். ஒலிப்பதிவைச் செய்விக்க முன்னின்று பொறுப்பெடுத்தவரையே தயாரிப்பாளர் என்று சட்டம் பார்க்கிறது. வெறுமனே காசு அனுப்பியதால் ஒருவர் தயாரிப்பாளர் ஆகிவிடுவதில்லை. ஆனால் “என் காசில் செய்த பதிவு” என்ற சொல் ஒரு நாள் வரும், வந்தால் விரும்பத்தகாத இடத்தில் வரும். இன்றைக்கே ஒரு போன் எடுத்துக் கேளுங்கள். கடன் என்றால் முதல் வரும் காசில் அதை அடையுங்கள்.

ஸ்டூடியோக்காரரிடமும் ஒரு கடதாசி வேண்டும். 1973இல் ‘பிங்க் ஃப்ளொய்ட்’ குழு ஒரு பாட்டில் சொற்களே இல்லாமல் குரல் கொடுக்க கிளேர் டொரி என்ற பாடகியைக் கூப்பிட்டது. அன்றைய கூலி 30 பவுண். அவர் வாய்க்கு வந்தபடி பாடியதுதான் அந்தப் பாட்டின் உயிர். 2004இல் வழக்குப் போட்டார், அடுத்த வருடம் வெளியே தெரியாத தொகைக்குச் சமாதானமாகி, இன்று ரிச்சர்ட் ரைட்டோடு அவர் பெயரும் ஆக்கியோர் இடத்தில் இருக்கிறது. உங்கள் வயலின் பகுதி அந்த அளவுக்குப் பெரிதில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் “இன்ன தொகை பெற்றேன், இந்தப் பகுதியைப் பயன்படுத்தச் சம்மதம், என் பெயர் இப்படி வரும்” என்று ஒரு பக்கத்தில் வாங்கிவிடுங்கள்.

இப்போது காசு. உலகம் சுற்றிய குழுக்கள் இதை ஒரே மாதிரிச் செய்யவில்லை.

அமெரிக்காவின் ‘ஆர்.ஈ.எம்’ குழு எல்லாப் பாட்டுக்கும் நான்கு பெயரையும் அகர வரிசையில் போட்டது, காசும் சமம். ட்ரம்மர் 1997இல் விலகினார், குழு 2011இல் கலைந்தது, பங்குச் சண்டை என்று ஒன்றும் இல்லை. பெயரை உண்மைப்படி போடுங்கள் என்று நான் சொன்னதற்கு இது எதிர்ச் சாட்சி போலத் தெரியும். ஆனால் அவர்கள் தொடக்கத்திலேயே அப்படி முடிவெடுத்தார்கள், இசையையும் உண்மையிலேயே சேர்ந்திருந்துதான் செய்தார்கள். பாட்டு வெளிவந்து, காசு வாசலில் நிற்கும்போது “நாலு பெயரையும் போடு” என்பது வேறு கதை.

எதிர்த் திசையில் ‘பீட்டில்ஸ்’. ஜோன் லெனனும் போல் மக்கார்ட்னியும் பையன்களாக இருந்தபோதே, யார் எழுதினாலும் இருவர் பெயரும் வரும் என்று பேசிக்கொண்டார்கள். ‘யெஸ்டர்டே’ முழுக்க மக்கார்ட்னியின் பாட்டு, பதிவில் லெனன் இல்லவே இல்லை. ஆனாலும் இன்றுவரை லெனன்–மக்கார்ட்னி என்றுதான் வரும். 2002இல் ஒரு மேடைப் பதிவு இசைத்தட்டில் மக்கார்ட்னி தன் பெயரை முன்னால் போட, லெனனின் மனைவி யோகோ ஓனோ தரப்பு எதிர்த்தது. உலகத்திலேயே பெரிய பணக்கார இசைக்கலைஞர்களில் ஒருவர், அறுபது வயதில், பெயரின் வரிசைக்காக மனம் வருந்தினார். காசுக் குறையால் வந்த வருத்தமா அது? உங்கள் பேஸ் நண்பன் யூடியூபில் தன் பெயரைத் தேடிப் பார்த்துக் காணாமல் போனை வைத்த கணத்தை இதோடு வைத்து யோசியுங்கள்.

‘த டோர்ஸ்’ குழுவில் வேறொரு காரணம். முதல் மூன்று இசைத்தட்டிலும் சொந்தப் பாட்டெல்லாம் குழுவின் பெயரில். 1969இல் வந்த நாலாவதில்தான் தனித்தனிப் பெயர்கள். கித்தார்க்காரர் ரொபி கிரீகர் எழுதிய ஒரு வரி தன்னுடையது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்று பாடகர் ஜிம் மொரிசன் சொன்னதுதான் காரணம். எழுதியதற்குப் பொறுப்பும் பெயரோடு சேர்ந்தே வருகிறது, பாருங்கள்.

காசு மட்டும் குழுவை எப்படி அரிக்கும் என்பதற்கு ‘குயீன்’. 1975இல் ‘பொஹீமியன் ரப்சடி’ தனி இசைத்தட்டாக வந்தபோது அதன் மறுபக்கத்தில் ட்ரம்மர் ரோஜர் டெய்லரின் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். தட்டு விற்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு ரோயல்டி. உலகமே வாங்கியது பிரெடி மெர்க்குரியின் பாட்டை, சரிபாதி வருமானம் டெய்லருக்கும் போனது. எந்தப் பாட்டைத் தட்டில் போடுவது என்பதே பிறகு பெரும் வாக்குவாதம் ஆனது. கடைசியில் 1989இல் வந்த ‘த மிரக்கிள்’ தட்டிலிருந்து எல்லாப் பாட்டையும் குழுவின் பெயரில் போட்டுச் சண்டையை முடித்தார்கள். அதற்குள் நான்கு பேருமே தனித்தனியாகப் பெரிய வெற்றிப் பாட்டு எழுதியிருந்தார்கள் என்பதை மறக்காதீர்கள். உங்கள் குழுவில் இப்போதைக்கு எழுதுபவர் நீங்கள் ஒருவர்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது நடுவழி. பாட்டில் வரும் காசில் பாதியைக் குழுப்பங்கு என்று ஒதுக்கி நால்வரும் சமமாக எடுங்கள். மற்றப் பாதி உண்மையில் ஆக்கியவர்களுக்கு. ஒலிப்பதிவில் வரும் காசு முழுக்கச் சமம், அதில் நீங்கள் வாய் திறக்கவே கூடாது. பேஸ் இல்லாமல், ட்ரம்ஸ் இல்லாமல் அந்தப் பதிவு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளம்பரத்துக்கு 200,000 ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் ஒரே அளவு என்று பிரிப்பது வழமை, ஒவ்வொன்றுக்கும் 100,000. பாட்டின் 100,000இல் பாதி குழுப்பங்கு, ஒவ்வொருவருக்கும் 12,500. மிச்சம் 50,000இல் வரிகள் முழுதும் மெட்டின் பெரும்பகுதியும் உங்களுடையதால் 35,000 உங்களுக்கு, 15,000 மச்சானுக்கு. ஒலிப்பதிவில் ஆளுக்கு 25,000. கூட்டினால் உங்களுக்கு 72,500, மச்சானுக்கு 52,500, மற்ற இருவருக்கும் 37,500 வீதம். கேட்டது ஐம்பதாயிரம், கிடைப்பது 37,500. நீங்கள் எல்லோரும் குழுவை உடைக்கப் போன தூரம் இவ்வளவுதான். மச்சானுக்கோ கேட்டதை விடக் கொஞ்சம் கூடவே. 35உம் 15உம் நான் சட்டத்தில் இருந்து எடுத்த எண்கள் அல்ல, நீங்கள் கதைத்து மாற்றலாம். முதல் விளம்பரம் என்பதால் இந்த ஒரு தடவை மட்டும் முழுவதையும் நாலாகப் பிரிக்கிறேன் என்று நீங்களாகவே சொன்னாலும் நான் தடுக்கமாட்டேன். காசைச் சமமாகப் பிரிப்பதால் ஆக்கியோன் என்ற உங்கள் இடம் போகாது. அதை மட்டும் எழுத்தில் தெளிவாகப் போடுங்கள்.

எழுத்து என்றதும் பயப்பட வேண்டாம். பொருளாதார உரிமையை, அதாவது ஆக்கத்தால் காசு பெறும் உரிமையை, மாற்றுவதும் பயன்படுத்த அனுமதி கொடுப்பதும் எழுத்தில், இரு தரப்பும் ஒப்பம் வைத்து இருக்க வேண்டும் என்பது நமது சட்டம். அதற்காக நொத்தாரிசிடம் ஓட வேண்டியதில்லை. இரண்டு பக்கம் போதும். பாட்டின் பெயர், வரிகள் யார், இசை யார், இசைக்கோர்ப்பு யார், கவி மெட்டின் குறிப்பு, காசு வீதங்கள், யூடியூப் கணக்கு யாருடைய பெயரில், எந்த வங்கிக் கணக்குக்குக் காசு வரும். ஒருவர் குழுவை விட்டுப் போனால் அவர் ஆக்கிய, வாசித்த பாட்டுகளின் பங்கு அவரோடு இருக்கும், அதன் பிறகு வரும் பாட்டுகளில் இல்லை. குழுவின் பெயரை யார் வைத்துக்கொள்வது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுதும் வரி அது, பின்னால் பெரிய சண்டை வருவதும் அதில்தான். அடுத்த பாட்டிலிருந்து ரிகர்சல் முடிந்த அன்றிரவே யார் எதைக் கொண்டுவந்தார் என்று வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டுவிடுங்கள். நீங்கள் போனில் அனுப்பிய முதல் பதிவையும் அழித்துவிடாதீர்கள்.

இதைப் பேசும் இடத்துக்குப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டாம். மாமா வந்தால் கனடா அக்காவும் போனில் வருவார், பிறகு மருதமுனையிலிருந்தும் யாராவது வருவார்கள். நால்வரும் மட்டும் இருங்கள். கதையைத் தொடங்க முதல் யூடியூபில் அந்தப் பெயர் வரியைத் திருத்திவிட்டுப் போங்கள். மூவரின் பெயரும் இருக்கும் பக்கத்தைப் போனில் திறந்து வைத்துவிட்டுக் காசுக் கதையை எடுத்தால், அறையின் சூடு வேறு மாதிரி இருக்கும்.

விளம்பர நிறுவனத்துக்கு இன்றைக்கே இரண்டு வரி எழுதுங்கள். உரிமையாளர் விவரம் நால்வரின் ஒப்பத்தோடு இரண்டு கிழமைக்குள் வரும் என்றும், எவ்வளவு காலம், எந்தெந்த நாடு, தொலைக்காட்சியா, வானொலியா, இணையமா என்று அவர்கள் பக்கத்தை எழுதி அனுப்பச் சொல்லியும். காலமும் இடமும் குறித்த அனுமதி மட்டும் கொடுங்கள், உரிமையை விற்காதீர்கள். உங்கள் வரிகளைத் திரித்து அதில் சோப்பின் பெயரைச் செருகினால் மறுக்கும் உரிமை, பொருளாதார உரிமையைக் கொடுத்த பிறகும் ஆக்கியோனான உங்களிடமே இருக்கும். ஆனால் அதைக் கேட்டு வாங்குவதற்கு வழக்கு என்று போனால் பெரும்பாலும் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம் வரை போக வேண்டும். ஆகவே வரி மாற்றத்துக்கு உங்கள் சம்மதம் வேண்டும் என்பதை அனுமதிப் பத்திரத்திலேயே போட்டுவிடுங்கள். அவர்கள் அனுப்பும் பத்திரத்தில் ‘முழு உரிமையும்’, ‘நிரந்தரமாக’ என்ற சொற்கள் எங்காவது இருந்தால், நால்வரில் யாரும் ஒப்பம் வைக்க முதல் அதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.